ஊசியக்கா மேடையேறிய மூன்று நாட்கள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. நாடக அரங்கத்தில் யாருக்கும் அது தெரியாது. சட்டைக் கழுத்தோரத்தில் எந்நேரமும் நாலு ஊசியும் ஏழெட்டுக் குண்டூசியும் குத்தியிருப்பாள் என்பதால் யாரோ ஊசி என்று கூப்பிடப்போக, அதுவே நிலைத்துவிட்டது. நாற்பதைத் தாண்டியபிறகு மரியாதைக்கு ஓர் அக்காவும் ஒட்டிக்கொண்டு ஊசியக்கா ஆனாள்.

அரங்கத்தின் மூத்த நடிகைக்கு உடை மாட்டிவிடுவது அவள் வேலை. அது மாலையில். காலை ஐந்து மணிக்கு நடிகையின் வீட்டில் வெந்நீர் வைப்பதில் தொடங்கி, சமைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, வசனப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் பாத்திரத்தின் வசனங்களைப் படித்துக் கொடுப்பது வரை அவள் செய்ததற்கெல்லாம் வேலை என்ற பெயர் கிடையாது. ஏனென்றால் அவள் வேலைக்காரி இல்லை, சொந்தம். நடிகையின் சித்தி மகள். எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த மறுவாரம், நடிகைக்குப் பிரசவ நேரம், மூன்று மாதம் கூடமாட ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அழைத்து வந்தார்கள். அன்று பிறந்த பிள்ளைக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் நடிகை, "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பாள். அந்த 'மாதிரி'க்குள் நிறைய அடங்கியிருந்தது. வீட்டுப் பெண்ணுக்குக் கட்டில் இருக்கும். ஊசியக்காவுக்கு இஸ்திரி மேசைக்குப் பின்னால் சுருட்டி வைக்கிற மெத்தை. அவளைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடி கிடையாது, பட்டினி கிடையாது. காய்ச்சல் வந்தால் நடிகையே மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். கொடுத்த கையோடு, "சீக்கிரம் எழுந்திருடி, எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். அதைக் கேட்டு ஊசியக்காவுக்கு மனசு குளிர்ந்துபோகும். தான் இல்லாமல் ஒருத்தருக்குக் கை ஒடிகிறது என்றால் சும்மாவா?

அந்த வருஷம் அரங்கத்தில் அந்தப் பழைய நாடகத்தை மறுபடி எடுத்தார்கள். முந்நூறு வருஷத்து நாடகம். பள்ளிக்கூடப் பாடத்தில் அதன் கடைசிக் காட்சி உண்டு. முற்றுகையில் சிக்கிய கோட்டையில் ஒரு சீமாட்டியும் அவளுடைய அடிமைப் பெண்ணும் இருக்கிறார்கள். எதிரிகள் நுழையும்போது அடிமை, சீமாட்டியின் உடையைப் போட்டுக்கொண்டு தானே பிடிபட்டு, வதைபட்டு, அவளைக் காப்பாற்றுகிறாள். எல்லாம் முடிந்தபின் சீமாட்டி அடிமைச் சீட்டைக் கிழித்துப் போட்டு, "போ, இனி நீ யாருக்கும் உரியவள் அல்ல" என்கிறாள். அடிமை மண்டியிட்டு, சீமாட்டியின் அங்கி விளிம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொல்வாள்: "கதவு திறந்துதான் இருக்கிறது, அம்மணி. என் கால்கள்தாம் அதை அறியவில்லை." திரை விழும். ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதை வைத்து விசுவாசத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த முறை வந்த இயக்குநர் புதியவள். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அடிமை மண்டியிட வேண்டாம், கிழித்த சீட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இடதுபக்கக் கதவு வழியாக வெளியே போகட்டும் என்றாள். நடிகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மண்டியிட்டவளைத் தூக்கி நிறுத்தி நெஞ்சோடு அணைப்பதுதான் சீமாட்டியின் பெரிய கட்டம். அதற்காகவே நாலு முறை அந்த வேஷத்தைக் கட்டியவள் அவள். இரண்டு பேரும் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். மூன்றாம் நாள் ஒத்திகையில் பேச்சு முற்றியபோது, நடிகையின் காலடியில் உட்கார்ந்து விளிம்பை மடித்துக்கொண்டிருந்த ஊசியக்காவிடம் இயக்குநர் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. அவ என்ன பண்ணுவா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் நாடகத்தைப் பற்றிக் கேட்டதில்லை. ஊசியக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"வெளிய போனா அவளுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

நடிகை கைதட்டிச் சிரித்தாள். கேட்டீர்களா, இதைவிட யார் சொல்லிவிட முடியும் என்று எல்லோரையும் பார்த்தாள். இயக்குநர் ஊசியக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்று பூராவும் ஊசியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் வாயால் அக்காவின் கட்சி ஜெயித்துவிட்டதே என்று பெருமை.

முதல் காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அடிமையாக நடிக்க இருந்த பெண் மேடைப் படியில் இடறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். வேறு ஆளைப் பிடித்துவந்து வசனம் ஏற்ற நேரமில்லை. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அந்த வசனம் முழுக்கத் தலைகீழாகத் தெரிந்த ஒருத்தி அங்கேயே அங்கி ஒன்றுக்குச் சுருக்கம் போக ஆவி காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது இயக்குநருக்குத்தான் உறைத்தது. நடிகை முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். புதுப்பெண் யாராவது வந்து தன்னைத் திணறடிப்பதைவிட இது மேல். இவள் சொன்னதைச் செய்வாள்.

"பயப்படாத. என் முகத்தைப் பாத்துட்டே நில்லு. வீட்ல படிச்சுக் குடுப்பியே, அதேதான்" என்றாள்.

முதல் நாள் ஊசியக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் எதிரே இருப்பது ஜனமா இருட்டா என்று தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டிய இடத்தில் வந்தாள். குடத்தை வைத்தாள். வைத்த இடத்தில் தண்ணீர் சிந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து முந்தானையால் துடைத்தாள். அது ஒத்திகையில் இல்லாதது. அவள் கை தானாகச் செய்தது. அரங்கத்தில் ஒரு சின்ன முனகல் எழுந்தது. அதன்பிறகு பயம் போய்விட்டது. சீமாட்டிக்குத் தலை வாரினாள், செருப்பைக் கழற்றினாள், நின்றாள், காத்திருந்தாள். நடிக்க என்ன இருக்கிறது இதில் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கடைசியில் மண்டியிட்டு, தான் தைத்த விளிம்பைத் தானே கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு பெரியவர் விசும்புவது கேட்டது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. மூத்த நடிகையைப் பற்றி வழக்கமான நாலு வரி. அடிமையாக நடித்த முகம் தெரியாத பெண்ணைப் பற்றிப் பதினோரு வரி. வேலை செய்கிற கைகளை மேடையில் இப்படிப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார்கள். நடிகை அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "பாத்தியா, உன்னைப் பெரிய ஆளாக்கிட்டாங்க" என்றாள். காபி ஆறிப்போயிருக்கிறது, வேறு கொண்டுவா என்றும் சொன்னாள். அன்று மாலை ஒப்பனை அறையில், மூன்றாம் அங்கத்தில் அவசரமாக உடை மாற்றும்போது ஒரு கொக்கி மாட்டாமல் போயிற்று என்று, ஊசியக்காவுக்குப் பதிலாக வந்த பெண்ணைப் போட்டுக் காய்ச்சி எடுத்தாள். வேறு நடிகையைச் சீக்கிரம் பாருங்கள், என் ஆள் என் பக்கத்தில் இல்லாமல் எனக்கு ஓடாது என்று இயக்குநரிடம் சொன்னாள். நாலாம் நாளிலிருந்து இன்னொருத்தி வருவாள் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் கடைசி அங்கத்துக்கு முன்னால், ஊசியக்கா இடதுபக்கத் தட்டிக்குப் பின்னே நின்றிருந்தாள். பக்கத்தில் மேடைத் தச்சர், திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கியவர், அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் ஒரே தட்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள். ஆணி, கயிறு, கொக்கி என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

அன்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லா பண்றீங்க. இப்படி முன்னால வந்து நிக்கணும்னு உங்களுக்கும் ஆசை இருந்திருக்கும்போல. அதான் அப்ப வேண்டாம்னுட்டீங்கன்னு இப்ப புரியுது."

"என்ன வேண்டாம்னேன்?"

"கல்யாணம்." அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க அக்காகிட்ட வந்து கேட்டேனே. அவங்க உங்களைக் கேட்டுட்டு வந்து, அவளுக்கு இஷ்டமில்ல, அந்தப் பேச்சே பிடிக்கலங்கிறான்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் அடுத்த வருஷமே வேற இடத்துல முடிஞ்சுது. பழைய கதை."

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. யாரும் அவளைக் கேட்கவில்லை. எந்த இஷ்டத்தையும் யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் மேடையில் மணி அடித்தது. அவள் உள்ளே போக வேண்டிய இடம்.

போனாள். நடிகை சீட்டைக் கிழித்தாள். "இனி நீ யாருக்கும் உரியவள் அல்ல" என்றாள். ஊசியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எங்கே பவுடர் கூடுதல், எந்தப் பல் கட்டிய பல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அது சொன்ன பொய்கூட அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்தாள். இடதுபக்கக் கதவு மூன்று எட்டில் இருந்தது. ஆனால் அவள் மண்டியிட்டாள். பழகிய முழங்கால் தானாக மடிந்தது. விளிம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றி, வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல், பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். மூன்று நாளில் அன்றைக்குத்தான் கைதட்டல் அடங்கவே இல்லை. என்ன ஒரு அடக்கம், என்ன ஒரு வேதனை என்று பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஒப்பனை அறையில் நடிகை கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். முதுகில் இருபத்திரண்டு கொக்கிகள். ஊசியக்கா அடிமை வேஷத்தோடேயே அவற்றை மேலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். பாதி கழற்றியபோது கேட்டாள்.

"தச்சர் என்னைக் கேட்டு வந்தாராமே."

நடிகை கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். மழுப்பவில்லை, அந்த அளவுக்கு அவள் நேர்மையானவள்தான்.

"வந்தான். ஒரு அறையும் ஒரு அடுப்பும் வெச்சிருந்தவன். அங்க போய் என்ன வாழ்ந்திருப்ப?"

"என்னைக் கேட்டிருக்கலாமே, அக்கா."

"கேட்டா போறேன்னு சொல்லியிருப்ப." நடிகை காதுத் தொங்கட்டானைக் கழற்றி மேசையில் வைத்தாள். "பையனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டார். உன்னையும் விட்டிருந்தா நான் மேடையில நின்னிருக்க முடியுமா? நீயே சொல்லு."

ஊசியக்கா மிச்சக் கொக்கிகளைக் கழற்றி, அங்கியை உதறி, மடிப்புக் கலையாமல் மாட்டினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அன்றே கிளம்பிவிடவில்லை. அதெல்லாம் நாடகத்தில்தான். இன்னும் ஆறு நாள் வெந்நீர் வைத்தாள். தச்சரிடம் போய், எங்கேயாவது வேலை கிடைக்குமா என்று கேட்டாள். அவருடைய தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் துணிப்பிரிவு மேற்பார்வையாளர். கிழிந்த விரிப்பு தைக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். தச்சர் முகவரி எழுதிக் கொடுத்தார். அவர் தந்தது அவ்வளவுதான்; அவள் கேட்டதும் அவ்வளவுதான்.

ஏழாம் நாள் காலை, நடிகை சாப்பிட்டு முடித்ததும் ஊசியக்கா, என் அடையாள அட்டையைக் கொடு என்று கேட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்று நடிகையின் பீரோவிலேயே கிடந்தது அது. நடிகை சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் இன்னொரு முப்பத்திரண்டு வருஷம் ஆகும் என்று ஊசியக்கா நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அட்டை வந்தது. காலாவதியாகி வெகுகாலம் ஆகியிருந்தது. படத்தில் பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி, ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

வெளியே போனபிறகு நல்லது நடந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரைக்குக் கீழே, ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற அறை. கறை போகாத விரிப்புகள், கை கிழிந்த நோயாளிச் சட்டைகள். சாயங்காலம் கண் பூத்துவிடும். தங்கியது ஐந்து பெண்களோடு ஓர் அறையில். இவளுக்கு மேல்கட்டில், ஏறினால் இடுப்பு விண்ணென்று தெறிக்கும். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். யாருக்கும் வெந்நீர் வேண்டியதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அந்த நேரங்களில் அக்காவின் இருமல் சத்தம் கேட்காதா என்று காது தேடும். அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அரங்கத்தின் டிக்கெட் கவுன்டரில் அவள் தம்பி இருந்தான். நடிகை சொல்லிக் கிடைத்த வேலை. அடுத்த மாதமே அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் போனில் கூப்பிட்டுக் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"உனக்கு நாப்பத்தாறு வயசுல கௌரவம் வந்துடுச்சு. என் பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். பிறகு பேசவே இல்லை. அவள் கூப்பிட்டால் அவன் மனைவி எடுத்து, அவர் வெளியே போயிருக்கிறார் என்பாள்.

நாடகம் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தச்சரின் தங்கை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து, இப்போது முடிவை மாற்றிவிட்டார்கள், அந்த அடிமை மண்டியிடாமல் எழுந்து போய்விடுகிறாள், பத்திரிகையெல்லாம் மூத்த நடிகையின் துணிச்சல் என்று புகழ்கிறது என்றாள்.

"எந்தக் கதவு வழியா போறா?" என்று ஊசியக்கா கேட்டாள்.

"இடதுபக்கம்."

"அது சரியா மூடாதே. ஒருத்தர் பின்னால நின்னு பிடிச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறு வருஷம் மழைக்காலத்தில் நடிகையின் மகன் அடித்தளத்துக்கு இறங்கி வந்தான். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது, இதே ஆஸ்பத்திரியில் மேலே நாலாம் மாடியில்தான் வைத்திருக்கிறோம், பன்னிரண்டு நாளாகிறது என்றான். நர்ஸ் யாரும் சரிப்படவில்லை, மூன்று பேரை மாற்றியாகிவிட்டது. அவன் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன்.

"சித்தி, நீங்க திரும்ப வந்துடுங்க. இந்தத் தடவை முறையா சம்பளம் போட்டுத் தரேன். தனி அறை. அம்மாவே சொல்லச் சொன்னாங்க."

அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். முதல் பல் விழுந்தபோது அந்தப் பல் இவள் உள்ளங்கையில்தான் இருந்தது. தலை துவட்டச் சொல்லித் துண்டு ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். வரமாட்டேன் என்று சொன்னாள். பார்க்க வருகிறேன் என்றும் சொன்னாள்.

சாயங்காலம் வேலை முடிந்து நாலாம் மாடிக்குப் போனாள். நடிகை சாய்ந்து படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தலைமுடி சிக்கு விழுந்து கட்டை கட்டையாகத் திரண்டிருந்தது. நர்ஸ்களை நெருங்க விட்டிருக்க மாட்டாள். ஊசியக்கா பையிலிருந்து சீப்பை எடுத்து, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. பின்னி முடித்துத் தலையணையைச் சரிசெய்தபோது, நடிகை நன்றாயிருந்த கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாக்குக் குழறியது, ஆனாலும் மேடைக்குப் பழகிய தொண்டை, சொல்ல வந்தது புரிந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. ஊசியக்கா குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். வலிக்காமல்தான் விடுவித்தாள்.

"நாளைக்கு வேலை இருக்கு, அக்கா. ஞாயித்துக்கிழமை வரேன்."

நடிகை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசியக்கா சீப்பில் சுற்றியிருந்த நரைமுடியை உருவிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மற்ற பார்வையாளர்களோடு சேர்ந்து மாடிப்படியில் இறங்கினாள்.